மரத்துல ராத்திரி எதை விட்டுட்டு வரலாம்? (வாசகர் கேள்வி பதில்)

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல மான் வேட்டை பத்திதான், அதுலயும் சுத்தி சுத்தி ஒரே விஷயம், ட்ரீ ஸ்டாண்ட்ல (மானுக்காக காத்திருக்க மரத்துல கட்டி உக்கார்ற பரண்) சாமானை ராத்திரி விட்டுட்டு வரலாமா கூடாதான்னு. அமெரிக்காவுக்கு ஐடி வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க இத்தனை பேர் நவம்பர் குளிர்ல மரத்துல ஏறி உக்காந்திருக்காங்கன்னு எனக்கே இப்பதான் தெரியுது. வேட்டையே பாவம்னு எழுதினவங்களுக்கு தனியா பதில் போடுறேன், அந்த வாதம் இங்க வேணாம்.

கேள்வி: அண்ணா வணக்கம். கூட வேலை பாக்குறவரோட மாமனாருக்கு 80 ஏக்கர் பண்ணை இருக்கு. அவர்கிட்ட கேட்டுட்டு செப்டம்பர்லயே காட்டு ஓரத்துல ஒரு லேடர் ஸ்டாண்ட் (ஏணியோட சேர்ந்த பரண்) கட்டிட்டோம். நவம்பர் 15 கன் சீசன் ஆரம்பம், சேர்ந்தாப்ல மூணு நாள் லீவு போட்டிருக்கேன். கார் நிறுத்துற இடத்துல இருந்து அரை மைல் நடக்கணும், ரைஃபிள், பேக், தடிமனான ஜாக்கெட், ஹார்னஸ் (கீழ விழாம பிடிக்கிற உடம்பு பெல்ட்), போர்வை, குஷன்னு அத்தனையும் தூக்கிட்டு இருட்டுல போனா வேர்த்து ஊத்துது, தடக் தடக்னு சத்தம் வேற. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "எல்லாத்தையும் மேலயே கட்டி தார்ப்பாய் போட்டு மூடிட்டு வா, யார் வரப்போறா"ன்னு சொல்றாங்க. செய்யலாமா? (லான்சிங் பக்கத்து வாசகர், மிஷிகன்)

பதில்: தம்பி, "எல்லாத்தையும்"னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் சிக்கலே. ஸ்டாண்ட் வேற, துப்பாக்கி வேற, ஹார்னஸ் வேற, குஷன் போர்வை வேற. நாலுக்கும் ஒரே பதில் கிடையாது.

ஸ்டாண்ட் மரத்துலயே இருக்கட்டும். தனியார் நிலம், ஓனர் சம்மதம் இருக்கு, 15 அடி இரும்பு ஏணியை தினமும் கழட்டி மாட்ட யாராலயும் முடியாது, அதை அதுக்காக செய்யவும் இல்ல. ஓனர்கிட்ட மட்டும் இன்னொரு வார்த்தை கேட்டுக்குங்க, "ஏணி இருக்கட்டுமா"ன்னு கேட்டது வேற "சாமான் இருக்கட்டுமா"ன்னு கேட்குறது வேற. அவங்க பேரப்பசங்க விளையாட வர்ற இடமா இருந்தா ஏற முடியாத மாதிரி ஏணியில ஒரு பலகையைக் கட்டி பூட்டச் சொல்லலாம்.

துப்பாக்கியை ஒரு ராத்திரி கூட விடாதீங்க. திருட்டு ஒரு காரணம், ஆனா அது மட்டும் இல்ல. நவம்பர் ராத்திரியில மழை, பனி, விடியக்காலைல உறைபனின்னு எது வேணா வரும், ஸ்கோப் மேல ஐஸ் படியும், பேரல்ல ஈரம் இறங்கும், போல்ட் உறைஞ்சு நிக்கும். காணாம போச்சுன்னா மிஷிகன்ல திருட்டு தெரிஞ்ச 5 நாளைக்குள்ள போலீஸ்ல சொல்லணும், அதுக்கு சீரியல் நம்பர் வேணும், அதை இன்னிக்கே எழுதி வீட்ல வச்சுக்குங்க. உங்க ஃப்ரெண்ட்ஸ் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. குளிர்ல நாள் பூரா இருந்த துப்பாக்கியை சூடான வீட்டுக்குள்ள கொண்டு வந்தா கண்ணாடி மேலயும் இரும்பு மேலயும் தண்ணி கோத்துக்கும், அதனாலதான் பழைய ஆளுங்க வெளியவே வச்சிருக்கணும்னு சொல்லுவாங்க. வெளியன்னா மரம்னு அர்த்தம் இல்ல. குண்டை எல்லாம் எடுத்துட்டு, கேஸ்ல போட்டு மூடி, பூட்டின கராஜ்ல பூட்டின பெட்டியில வைங்க, கராஜும் குளிராத்தான் இருக்கும். வீட்டுக்குள்ள கொண்டு வரணும்னா மூடின கேஸ்லயே மெதுவா சூடாக விட்டு அப்புறம் திறந்து துடைங்க.

இப்ப ஹார்னஸ். இதைத்தான் நிறைய பேர் யோசிக்காம செய்யுறாங்க. ஹார்னஸை மேல சீட்ல மாட்டிட்டு வந்தா மறுநாள் காலைல அது இல்லாமத்தானே ஏறணும்? விழுறவங்க பெரும்பாலும் சும்மா உக்காந்திருக்கும்போது விழுறதில்ல, ஏறும்போதும் இறங்கும்போதும் ஏணியில இருந்து பிளாட்ஃபார்ம்ல கால் வைக்கிற அந்த ஒரு நொடியிலயும்தான் விழுறாங்க. அதனால ஹார்னஸ் தரையிலயே உடம்புல ஏறணும், அதுல இருந்து வர்ற கொக்கி தரையில இருந்து தலைக்கு மேல வரைக்கும் போற லைஃப்லைன்ல மாட்டியிருக்கணும், ஏற ஏற அந்த லைஃப்லைன்ல இருக்கிற நகர்ற முடிச்சை மேல தள்ளிட்டே போகணும். ஹார்னஸ் உங்க கூட வீட்டுக்கு வரணும்ங்கிறதுக்கு இந்த ஒரு காரணமே போதும். வெயில்பட்டா நைலான் வலு குறையும், எலி கடிக்கும், ஈரமா சுருட்டி வச்சா பூஞ்சை பிடிக்கும்ங்கிறதெல்லாம் அப்புறம். பெரும்பாலான கம்பெனிக்காரங்க 5 வருஷத்துல மாத்தச் சொல்லுவாங்க, ஒரு தடவை விழுந்து அது உங்களை பிடிச்சிருந்தா அன்னிக்கே அதுக்கு ஓய்வு கொடுத்துடுங்க. கூட ஒரு சின்ன பட்டை வரும், கால் வச்சு நிக்கிறதுக்கு, அதை பாக்கெட்லயே வச்சிருங்க. ஹார்னஸ்ல தொங்கிட்டே அசையாம இருந்தா ரத்தம் கால்லயே தேங்கி மயக்கம் வந்துடும், அந்த பட்டையில ஏறி நின்னா ஓட்டம் திரும்ப வரும்.

லைஃப்லைன் கயிறு சீசன் முடியுற வரைக்கும் மரத்துல இருக்கலாம், துப்பாக்கியை மேல இழுக்குற கயிறும் அப்படித்தான். இழுக்குற கயிறுன்னதும் ஞாபகம் வருது, மேல ஏத்துறப்ப மேகஸின் வெளியே, சேம்பர் காலி, குழல் உங்க பக்கம் பாக்கக் கூடாது, ட்ரிகர் கார்டுல கயிறு கட்டவே கூடாது.

குஷன், போர்வை? விடலாம், ஆனா காலைல கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க. அணில் பிச்சு கூடு கட்டும், கரடி இருக்கிற ஏரியாவா இருந்தா நுரை சீட்டை வாயில போட்டு மெல்லும், அதுக்கு அந்த வாசனை ஏனோ பிடிக்குது. முள்ளம்பன்றிக்கு உப்பு பிடிக்கும், நம்ம வேர்வை பட்ட கைப்பிடி, மரப்பலகை, பட்டை எதையும் விடாது. மூடி திருகுற 5 கேலன் பக்கெட் ஒண்ணு வாங்கி, போர்வையை காய வச்சு உள்ள போட்டு, மரத்தடியில செயின் போட்டு வைங்க, தார்ப்பாயை விட அதுதான் உருப்படி. தார்ப்பாய் காத்துல படபடன்னு அடிக்கும், மான் அந்த பக்கமே வராது.

வேர்க்குற பிரச்சனைக்கு சாமானை விட்டுட்டு வர்றது மருந்தே இல்ல. ஜாக்கெட்டை போட்டுட்டு நடக்குறதாலதான் வேர்க்குது. மெல்லிசா ரெண்டு லேயர் மட்டும் போட்டு, குளிருதேன்னு தோணுற அளவுல நடங்க, ஜாக்கெட் பேக் மேல கட்டியிருக்கட்டும், மரத்தடியில பத்து நிமிஷம் நின்னு உடம்பு ஆறின பிறகு போட்டு, அதுக்கு மேல ஹார்னஸ் மாட்டி ஏறுங்க. வேர்த்து நனைஞ்ச பனியனோட மூணு மணி நேரம் அசையாம உக்காந்தா மான் வர்றதுக்கு முன்னாடி நடுக்கம் வந்துடும். சுடறதுக்கு சட்டப்படி சூரியன் உதிக்கிறதுக்கு அரை மணி முன்னாடியே ஆரம்பிக்கலாம், நவம்பர் நடுவுல உங்க ஊர்ல உதயம் ஏழரைக்கு பக்கம், அதனால ஆறு மணிக்கே நடக்க ஆரம்பிச்சா அவசரமும் இருக்காது வேர்வையும் இருக்காது. மத்த வேட்டைக்காரங்க கண்ணுல படுறதுக்கான ஆரஞ்சு கலர் மட்டும் நடக்குறப்பவே மேல தெரியணும், ஜாக்கெட்தான் ஆரஞ்சு, அது பேக்ல இருக்குன்னு சொன்னா ஆகாது, தனியா ஒரு ஆரஞ்சு வெஸ்ட் வாங்கிக்குங்க.

கடைசியா, நீங்க கேட்காத ஒண்ணு, ஆனா எனக்கு இதுதான் பெருசா படுது. ராத்திரி விட்டுட்டு வந்தது காணாம போனா போகட்டும், காசோட போச்சு. காணாம போகாம, அங்கயே, ஆனா நேத்து இருந்த மாதிரி இல்லாம இருந்தா? செப்டம்பர்ல கட்டின ராட்செட் பட்டையை (ஸ்டாண்டை மரத்தோட இறுக்குற பெல்ட்) அணில் பாதி கடிச்சிருக்கும், காத்துல மரம் ஆடி ஆடி பட்டை தளர்ந்திருக்கும், படியில கண்ணுக்கு தெரியாத ஐஸ் இருக்கும், நீங்க இருட்டுல நேத்திக்கு ஏறின ஞாபகத்துல ஏறுவீங்க. சாயங்காலம் இறங்குறப்பவே ஒவ்வொரு பட்டையையும் வெளிச்சத்துல பாத்துட்டு, காலைல ஹெட்லேம்ப் போட்டு திரும்ப கையால தொட்டு பாத்துட்டு ஏறுங்க. அப்புறம் அது என்ன மரம்னு பாத்தீங்களா? ஆஷ் மரமா இருந்தா ஸ்டாண்டை இன்னிக்கே வேற மரத்துக்கு மாத்துங்க. 2002-ல டெட்ராய்ட் பக்கத்துல ஒரு பச்சை வண்டை கண்டுபிடிச்சாங்க, எமரால்ட் ஆஷ் போரர்னு பேரு, உங்க மாநிலத்துல ஆஷ் மரத்தை கோடிக்கணக்குல கொன்னுடுச்சு, செத்து நிக்கிற ஆஷ் எப்ப ஒடியும்னு சொல்லவே முடியாது.

கேள்வி: நான் மேடிசன்ல இருக்கேன், சொந்த நிலம் தெரிஞ்சவங்க நிலம் எதுவும் கிடையாது, பப்ளிக் லேண்ட்தான். க்ளைம்பர் ஸ்டாண்டை (மரத்துல ஏறுறப்ப கூடவே நகர்த்திட்டு போற பரண்) மரத்தடியில பூட்டிட்டு வந்துட்டு மறுநாள் போகலாமா? மினசோட்டாவுல இருக்கிற மச்சான் அங்க கூடாதுன்னு சொல்றார், ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. (மேடிசன் வாசகர், விஸ்கான்சின்)

பதில்: ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றதுக்கு காரணம் ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒரு சட்டம், அதுலயும் ஒரே மாநிலத்துக்குள்ள நிலத்துக்கு நிலம் வேற வேற. உங்க விஸ்கான்சின்ல டிஎன்ஆர் (மாநில இயற்கை வளத் துறை) நிலத்துல ஸ்டேட் ஹைவே 64-க்கு வடக்கே இருந்தா சீசன் காலத்துல ஸ்டாண்டை ராத்திரி விட அனுமதி உண்டு, அதுல உங்க அடையாளம் எழுதியிருக்கணும். அந்த ரோட்டுக்கு தெற்கே, அதாவது மேடிசனை சுத்தி நீங்க போகப்போற இடம் எல்லாம், அன்னிக்கு வேட்டை நேரம் முடிஞ்சதும் கழட்டி எடுத்துட்டு வந்துடணும். மரத்தடியில பூட்டி வச்சாலும் விட்டுட்டு வந்த கணக்குதான். மச்சான் சொல்றதும் சரி, மினசோட்டாவுல மாநில வைல்ட்லைஃப் மேனேஜ்மென்ட் ஏரியாக்கள்ல பொதுவா ராத்திரி விடக்கூடாது, வடமேற்கு மூலையில மட்டும் விலக்கு இருக்கு. பென்சில்வேனியாவுல ஸ்டேட் கேம் லேண்ட்ல (வேட்டைக்கான மாநில அரசு நிலம்) மான் சீசன் ஆரம்பிக்க ரெண்டு வாரம் முன்னாடில இருந்து முடிஞ்சு ரெண்டு வாரம் வரைக்கும் வச்சுக்கலாம், பேரும் முகவரியும், அல்லது லைசென்ஸ்ல இருக்கிற அடையாள நம்பர், அழியாத மாதிரி டேக்ல இருக்கணும்.

கவுன்டி காடு, நேஷனல் ஃபாரஸ்ட், ஃபெடரல் வைல்ட்லைஃப் ரெஃப்யூஜ் (மத்திய அரசு வனவிலங்கு சரணாலயம்) எல்லாத்துக்கும் தனித்தனி விதி, ரெஃப்யூஜ்ல ரொம்ப கண்டிப்பு, பல இடத்துல அன்னன்னிக்கே எடுத்துடணும். அந்த வருஷத்து ரெகுலேஷன் புக்கை போன்ல இறக்கி வச்சுக்குங்க, போன வருஷத்து ஞாபகத்துல போகாதீங்க. தினமும் தூக்குறது கஷ்டம்னா க்ளைம்பர் கிட்டத்தட்ட 20 பவுண்ட் இருக்கும், அதுக்கு பதிலா இப்ப நிறைய பேர் சாடில்னு ஒண்ணுக்கு மாறிட்டாங்க, இடுப்புல கட்டிட்டு மரத்துல சாஞ்சு தொங்குறது, மொத்த சாமானும் பேக்ல அடங்கிடும், விடலாமா கூடாதாங்கிற கேள்வியே வராது. ஆனா வாங்கின அன்னிக்கே 20 அடி ஏறாதீங்க, வீட்டு பின்னாடி ரெண்டு அடி உயரத்துல பழகிட்டு அப்புறம் போங்க.

கேள்வி: ஹ்யூரான் மேனிஸ்டி நேஷனல் ஃபாரஸ்ட்ல என் ஸ்டாண்டை என் பேர் எழுதி பூட்டு போட்டு வச்சிருந்தேன். விடியக்காலைல போனா வேற ஒருத்தர் அதுல உக்காந்திருக்கார். இறங்கச் சொன்னா "பப்ளிக் லேண்ட், நீ யாரு கேட்க"ங்கிறார். எனக்கு உரிமை இல்லையா சார்? (கிராண்ட் ராபிட்ஸ் வாசகர், மிஷிகன்)

பதில்: ஸ்டாண்ட் உங்களோடது, இடம் உங்களோடது இல்ல. மிஷிகன் வேட்டை கைடுலயே தெளிவா போட்டிருக்கான், பப்ளிக் லேண்ட்ல ஸ்டாண்ட்ல பேர் இருக்கிறதால அதை நீங்க மட்டும்தான் பயன்படுத்தலாம்னு உத்தரவாதம் கிடையாதுன்னு. பேர் எழுதச் சொல்றது உங்களுக்கு இடத்தை ரிசர்வ் பண்ணித் தர்றதுக்கு இல்ல, கெடு முடிஞ்சும் எடுக்கலன்னா யாருக்கு ஃபைன் போடுறதுன்னு தெரியறதுக்கு. அந்த ஆள் செஞ்சது நாகரிகம் இல்ல, அது வேற விஷயம். கையில துப்பாக்கி வச்சிருக்கிற முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட இருட்டுல நின்னு வாக்குவாதம் பண்றதுக்கு எந்த ஸ்டாண்டும் வொர்த் இல்ல, டார்ச்சை காட்டிட்டு நகர்ந்து இன்னொரு இடம் பாருங்க. பூட்டு, கேபிள் எல்லாம் ஸ்டாண்டை கழட்டிட்டு போறவனை கொஞ்சம் தாமதப்படுத்தும், போல்ட் கட்டர் கொண்டு வர்றவனை நிறுத்தாது. செல்லுலர் ட்ரெயில் கேமரா (காட்டுல நடமாட்டத்தை படம் பிடிச்சு போனுக்கு அனுப்புறது) வைக்கிறவங்க அதை ஸ்டாண்டை பாக்குற மாதிரி, எட்டாத உயரத்துல வைங்க, முதல்ல கேமராதான் திருட்டு போகுது.

இன்னொன்னு, அவர் உக்காந்துட்டு போன பிறகு நீங்க ஏறுறதா இருந்தா முதல்ல எல்லா பட்டையையும் திரும்ப செக் பண்ணணும், அவர் எதை தளர்த்தினார் எதை இறுக்கினார்னு உங்களுக்கு தெரியாது. பக்கத்துல திருகு போட்டு ஏத்தின படி இருந்தா கழட்டிடுங்க, உங்க மாநிலத்துல பப்ளிக் லேண்ட்ல மரப்பட்டையை துளைக்கிற எதுவும் கூடாது.

கேள்வி: அண்ணா, இது என் வீட்டுக்காரர் பத்தி. எங்களுக்கு ஆறு வயசுல ஒண்ணு, மூணு வயசுல ஒண்ணு. துப்பாக்கி வீட்டுக்குள்ள வரவே கூடாதுன்னு நான் கண்டிப்பா சொல்லிட்டேன். அவர் உடனே "சரி, அப்ப சீசன் முடியுற வரைக்கும் மரத்துலயே பூட்டி வச்சுடுறேன்"ங்கிறார். எனக்கு அதுவும் சரியா படல. நான் சொன்னது தப்பா? (ஆன் ஆர்பர் வாசகி)

பதில்: நீங்க பயப்பட்டது தப்பே இல்லம்மா, ஆனா அவர் கண்டுபிடிச்ச வழி ரொம்ப மோசம். வீட்ல இருந்தா உங்க ரெண்டு பசங்களை மட்டும் பாத்துக்கணும், காட்டுல இருந்தா யார் வீட்டு பசங்க எடுப்பாங்கன்னே தெரியாது. இதுல கோவத்துல முடிவு எடுக்க வேணாம், வீட்டுக்காரரை உக்கார வச்சு பேசுங்க. மிஷிகன்ல 2024 பிப்ரவரி 13-ல இருந்து ஒரு சட்டம் இருக்கு, சின்னப் பசங்க இருக்கிற, வரக்கூடிய இடத்துல துப்பாக்கியை வச்சா குண்டு இல்லாம, லாக் போட்டு, இல்ல பூட்டின பெட்டியில வைக்கணும், அப்படி வைக்காம பசங்க கையில கிடைச்சு ஏதாவது ஆச்சுன்னா வச்சவர் மேல கேஸ். அதாவது நீங்க கேட்குறதைத்தான் சட்டமும் கேட்குது. கேபிள் லாக்கை பல ஊர் போலீஸ் ஸ்டேஷன்லயே இலவசமா தர்றாங்க, போய் கேளுங்க. நல்ல சேஃப் ஒண்ணு வாங்கி சுவத்துல போல்ட் போட்டு மாட்டி, குண்டை வேற பெட்டியில வேற பூட்டுல வைக்கச் சொல்லுங்க, சாவி இல்ல நம்பர் பசங்க பாக்காத மாதிரி இருக்கணும், டிரெஸ்ஸிங் டேபிள் டிராயர்ல சாவி வைக்கிற வீட்டை எல்லாம் பாத்திருக்கேன், அது பூட்டாத மாதிரிதான். இதுக்கும் உங்க மனசு ஒப்பலன்னா கூட வேட்டைக்கு வர்ற பசங்க இல்லாத நண்பர் யார் வீட்டு சேஃப்லயாவது வைக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி ரைஃபிளா பிஸ்டலா, யார் பேர்ல இருக்குங்கிறதெல்லாம் விசாரிச்சுக்கணும். மரம் மட்டும் வேணாம்.

கேள்வி: நான் எச்-1பி. ஃப்ரெண்ட் சிட்டிசன், அவரோட ரைஃபிளை ஸ்டாண்ட்லயே வச்சுட்டு போறேன், சண்டே நீ போய் எடுத்து உக்காருன்னு சொல்றார். என்கிட்ட இன்னும் ஹன்டிங் லைசென்ஸ் கிடையாது, சும்மா உக்காந்து பாக்கத்தான். பிரச்சனை வருமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: வரும், பெருசா வரும், போகாதீங்க. எச்-1பி மாதிரி நான்-இமிக்ரன்ட் விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ குண்டோ கையில வச்சிருக்கிறது ஃபெடரல் சட்டப்படி குற்றம், கையில வச்சிருந்தாலே போதும், சுடணும்னு இல்ல. அதுல ஒரு விலக்கு உண்டு, அமெரிக்காவுல சட்டப்படி கொடுத்த ஹன்டிங் லைசென்ஸ் உங்ககிட்ட இருந்தா அந்த தடை பொருந்தாது. கிரீன் கார்டு வச்சிருக்கிறவங்க இந்த தடைக்குள்ள வரமாட்டாங்க. அதனால உங்க ஃப்ரெண்டோட யோசனையில ரெண்டு தப்பு, ஆளில்லாத மரத்துல துப்பாக்கியை விடுறது ஒண்ணு, அதை தொடக்கூடாதவரை தொடச் சொல்றது ரெண்டு. உக்காந்து பாக்கத்தான் ஆசைன்னா அவர் இருக்கிறப்ப அவர் கூட ஆரஞ்சு வெஸ்ட் போட்டுட்டு போங்க, கையில பைனாகுலர் மட்டும். நிஜமாவே வேட்டை கத்துக்கணும்னா ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சு லைசென்ஸ் எடுங்க, லைசென்ஸ் எந்த தேதியோட முடியுதுன்னு காலண்டர்ல குறிச்சுக்குங்க, அது காலாவதி ஆன பிறகும் துப்பாக்கி உங்ககிட்டயே இருந்தா அந்த விலக்கும் கூடவே போயிடும். உங்க விசா பேப்பர் சம்பந்தப்பட்ட விஷயம், என் வார்த்தையை மட்டும் நம்பாம ஒரு இமிக்ரேஷன் வக்கீலுக்கு காசு கொடுத்து கேளுங்க.

கேள்வி: காம்பவுண்ட் பௌ (கப்பி வச்ச வில்) தான் என்கிட்ட, துப்பாக்கி இல்ல. பௌவை கொக்கியில மாட்டிட்டு வந்தா என்ன ஆகும்? க்ராஸ்பௌ (துப்பாக்கி மாதிரி விசை வச்ச வில்) வச்சிருக்கிறவங்க என்ன பண்ணணும்? (கிளீவ்லேண்ட் வாசகர், ஒஹையோ)

பதில்: அக்டோபர்ல நல்ல வானிலையா இருந்தா ஒரு ராத்திரியில பௌவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நாணை எலி ஒரு கடி கடிச்சாலும் நீங்க இழுக்குறப்ப அது அறுந்தா முகத்துலயும் கையிலயும் அடிக்கும், ஒரு இழை அறுந்திருக்கிறது இருட்டுல தெரியாது. அம்பு முனை துருப்பிடிக்கும், மழையில இறகு நனைஞ்சு ஒட்டிக்கும், சைட்ல தண்ணி போகும். கொக்கியை விட்டுட்டு பௌவை கொண்டு வந்துடுங்க. க்ராஸ்பௌவை நாண் ஏத்தின நிலையில எங்கயும் விட்டுட்டு போகக்கூடாது, மரத்துல ஏத்துறப்பவும் இறக்குறப்பவும் அப்படித்தான், கீழ இறக்குறதுக்கு முன்னாடியே அந்த கம்பெனி சொன்ன முறையில நாணை இறக்கிடுங்க. ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கிற கருவி), ட்ரெயில் கேமரா பேட்டரி எல்லாம் குளிர்ல சார்ஜ் சீக்கிரம் இறங்கும், ரேஞ்ச்ஃபைண்டரை உள் பாக்கெட்ல உடம்பு சூட்டோட வச்சுக்கிறது நல்லது.

கேள்வி: சிரிக்காதீங்க சார். மூணு நாளைக்கும் புளியோதரை கட்டி பரண்லயே டப்பாவுல வச்சுட்டு வரலாமா? அம்மா வந்திருக்காங்க, கொடுத்து அனுப்பிட்டே இருக்காங்க. (இண்டியானாபொலிஸ் வாசகர்)

பதில்: குளிருக்கு புளியோதரை கெட்டுப் போகாது, அது உண்மைதான். ஆனா ரக்கூன் மூடியை திறக்கத் தெரிஞ்ச பிராணி, ஒரு நாள் சாப்பாடு கிடைச்ச மரத்துக்கு மறுநாளும் வரும். அப்புறம் பெருங்காயமும் நல்லெண்ணெயும் காத்துல எவ்வளவு தூரம் போகும்னு உங்களுக்கே தெரியும், மானுக்கு நம்மளை விட பல மடங்கு மூக்கு. அன்னிக்கு சாப்பிடுறதை மட்டும் ஜிப்லாக்ல ரெண்டு கவர் போட்டு எடுத்துட்டு போங்க, சாப்பிட்டு முடிச்சதும் கவரை பேக்ல போட்டு கொண்டு வாங்க. அம்மாகிட்ட தயிர்சாதம் வேணாம்னு சொல்லிடுங்க, ஸ்பூன் டப்பாவுல படுற சத்தம் அரை ஃபர்லாங் கேட்கும்.

கேள்வி: சீசன் முடிஞ்சது, லேடர் ஸ்டாண்டை அடுத்த வருஷம் வரைக்கும் அப்படியே விட்டுடலாமா? சொந்த நிலம்தான். (எரீ பக்கத்து வாசகர், பென்சில்வேனியா)

பதில்: சொந்த நிலம்னா சட்டம் கேட்காது, மரம் கேட்கும். மரம் வருஷா வருஷம் தடிக்குது, ராட்செட் பட்டை தடிக்காது, அதனால ஒண்ணு பட்டை பட்டுன்னு அறுந்துடும், இல்லன்னா மரத்துக்குள்ள புதைஞ்சு மரத்தோட உயிர் ஓட்டத்தை அறுத்துடும். கோடை வெயில்ல நைலான் வெளுத்து நொறுங்குற பதத்துக்கு வந்துடும், வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும். ஸ்டாண்டை இறக்கி கராஜ்ல வைக்கிறது நல்லது, ரொம்ப கனமா இருந்து முடியலன்னா பட்டைகளை மட்டுமாவது தளர்த்தி விடுங்க, அப்புறம் அடுத்த சீசன்ல ஏறுறதுக்கு முன்னாடி அத்தனை பட்டையையும் புதுசா மாத்துங்க. பட்டைக்கு ரெண்டு சீசன்தான் ஆயுசுன்னு வச்சுக்குங்க, மேனுவல்ல அதை விட குறைவா போட்டிருந்தா அதையே கேளுங்க. கீழ கழட்டுறப்ப ஒருத்தர் ஏணியை பிடிச்சுக்கணும், மேல பட்டையை கடைசியா அவிழ்க்குற நேரத்துல ஏணியில ஆள் இருக்கக்கூடாது, கீழ இருந்தே அவிழ்க்குற மாதிரி நீளமா விட்டு கட்டுற முறை ஸ்டாண்ட் மேனுவல்லயே படம் போட்டிருக்கும். போல்ட் நட்டு துருப்பிடிச்சிருந்தா அதையும் மாத்துங்க. கழட்டின பழைய பட்டையை முழுசா குப்பையில போடாதீங்க, கத்தியால துண்டு துண்டா வெட்டி போடுங்க, இல்லன்னா யாராவது நல்லா இருக்கேன்னு எடுத்துட்டு போய் அவங்க ஸ்டாண்டை அதால கட்டிக்குவாங்க.